எஞ்சியதே முதல்



ஆண்டான் ஒருவன் தன் ஊழியர் மூவரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளை ஒப்படைத்த கதை மத்தேயு நற்செய்தியில் உண்டு. மூன்றாமவன் கடியப்பட்டது பெற்றது குறைவு என்பதற்காக அன்று. அதனை மண்ணில் புதைத்து வைத்ததற்காகவே.

அக்கதைக்கு உரையாக வாழ்ந்தவர் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய கால்கள் இரண்டும் செயலிழந்தன. கைகள் எஞ்சின.

தொழுநோயால் மடங்கிய விரல்களைச் சீராக்கும் அறுவை முறையை அங்கே டாக்டர் பால் பிராண்டு வளர்த்து வந்தார். நோய் தீண்டாத தசையின் நாணை எடுத்து, செயலற்ற விரலோடு இணைப்பதே அம்முறை. அமர்ந்தபடியே செய்யத்தக்க அப்பணியை அம்மையார் சக்கர நாற்காலியில் இருந்து ஏற்றார். எஞ்சிய தசையால் பிறர் கையை மீட்டார். எஞ்சிய கையால் தம் வாழ்வை மீட்டார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூரில் அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார்.

விசுவாசம் என்பது இழந்ததை மீட்டுத் தரும் மந்திரம் அன்று. இருப்பது எவர் தந்தது, எதற்காகத் தந்தது என்று உணர்தலே அது.

மருத்துவம் நாடித் தில்லிக்கு வந்து, இந்தி அறியாது தவிக்கும் தமிழர் பலர். நம் நாவில் உள்ள இரு மொழியும் தாலந்தே. அதனைப் புதைத்து வைக்கலாகாது.