84 பேட்ச், ஒரே பெஞ்ச், மூணு பென்ஷன்

இந்த வாரம் கோடிங், இன்டர்வியூ எதுவும் இல்லை. எங்க அப்பாவோட வாட்ஸ்அப் குரூப்பைப் பத்திப் பேசப்போறேன்.

அப்பா சேலம் அரசு பொறியியல் கல்லூரி, மெக்கானிக்கல். கருப்பூர்ல இருக்கே, 1966-ல் ஆரம்பிச்ச காலேஜ், அதேதான். 1984-ல் முடிச்சாரு. அந்த கிளாஸ்ல முப்பத்திச் சொச்சம் பேர் குரூப்ல இருக்காங்க. காலைல அஞ்சரைக்கு ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங் வரும். அப்புறம் யாருக்கு ஸ்டென்ட் வெச்சாங்க, யாருக்குக் கண்புரை ஆபரேஷன், யாரு மகளோட பிரசவத்துக்கு டல்லாஸ் போயிருக்காங்கன்னு நியூஸ். நடுவுல ஒரு நாள் "ஆழ்ந்த இரங்கல்"னு வரும், வரிசையா கைகூப்புற எமோஜி விழும். நான் இதை ரொம்ப நாளா கிண்டல் பண்ணிட்டு இருந்தேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அப்பா, "கொண்டப்பநாயக்கன்பட்டி வரைக்கும் ஒரு எட்டு போயிட்டு வாடா. உன் போனை எடுத்துக்க"ன்னாரு. சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலைப் பக்கம் இருக்கிற ஊர். அங்க அவரோட கிளாஸ்மேட் ஒருத்தர். நான் மில் அங்கிள்னு கூப்பிடுவேன். ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் இன்ஜினியரா இருந்தவர். ஒரு வருஷம் முன்னாடி குரூப்ல இருந்து லெஃப்ட் ஆயிட்டாரு. போன் ரிப்பேர்னு சொன்னாராம்.

நான் போனப்ப அங்கிள் திண்ணைல உட்கார்ந்திருந்தாரு. "வாங்க தம்பி, அப்பா சௌக்கியங்களா"ன்னு கேட்டாரு. நான் வாங்கிட்டுப் போன தட்டுவடை செட்டை ஆன்ட்டி தட்டுல வெச்சாங்க. விஷயம் இதுதான்: பி.எஃப். பென்ஷன் ரெண்டு மாசமா வரலை. வருஷத்துக்கு ஒரு தடவை "நான் உயிரோட இருக்கேன்"னு சான்று குடுக்கணும், இல்லைன்னா பணம் நின்னுரும். சென்டருக்குப் போனா ரேகை விழலையாம். முப்பது வருஷம் மெஷின்ல தேய்ஞ்ச விரல்.

பென்ஷன் எவ்வளவு அங்கிள்னு கேட்டேன். "மூவாயிரத்துச் சொச்சம்"னாரு.

மாசத்துக்கு. நான் ஒரு செகண்ட் முழிச்சேன்.

கணக்கைச் சொல்றேன், உங்க வீட்டுலயும் உதவும். இ.பி.எஸ்.-95, 1995 நவம்பர்ல வந்த திட்டம். சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும். ஆனா 'சம்பளம்'னா நீங்க வாங்குறது இல்லை, உச்சவரம்பு. 2014 ஆகஸ்ட் வரை 6,500, அப்புறம் 15,000. முப்பத்தஞ்சு வருஷம் 15,000-லயே இருந்தாக்கூட 7,500-தான் வரும். விலைவாசி ஏறினாலும் டி.ஏ. கிடையாது. அங்கிள் 1993-ல் மில் மாறினப்போ பி.எஃப். பணத்தை எடுத்து தங்கச்சி கல்யாணம் பண்ணிட்டாரு, அந்த வருஷங்களும் போச்சு. 2022-ல் சுப்ரீம் கோர்ட் கூடுதல் பென்ஷன் தீர்ப்பு குடுத்துச்சே, அது? மில்லு முழுச் சம்பளத்துக்குக் கட்டியிருக்கணும். கட்டலை.

எங்க அப்பா பொதுப்பணித்துறை. பழைய பென்ஷன், கடைசிச் சம்பளத்துல பாதி, மேல டி.ஏ. பெஞ்சுல மூணாவதா உட்கார்ந்தவரும் அதே துறைதான், ஆனா 1962 ஏப்ரல்ல பிறந்தவர், அப்பா ஜூன். அரசு ஓய்வு வயசை 2020 மே மாசம் 58-ல் இருந்து 59 ஆக்குச்சு, 2021 பிப்ரவரில 60. ஏப்ரல்காரர் 2020 ஏப்ரல் முப்பதோட வீட்டுக்குப் போயிட்டாரு, அப்பா 2022 ஜூன் வரைக்கும் சம்பளம் வாங்கினாரு. ரெண்டு மாச வித்தியாசத்துக்கு ரெண்டு வருஷச் சம்பளம். அவரு அதை இன்னும் குரூப்ல ஜோக்கா சொல்லுவாரு. ஜோக் மாதிரி எனக்குத் தெரியலை.

சரி, சான்று. போன்லயே முகத்தைக் காட்டி எடுக்கலாம், ஜீவன் பிரமாண் ஆப். முதல்ல ஆபரேட்டரா என் முகம், அப்புறம் அவரு ஆதார், பி.பி.ஓ. நம்பர், அவரு முகம். திண்ணைல பின்னாடி வெயில் அடிச்சதால ரெண்டு தடவை ஃபெயில். உள்ளே ஜன்னலைப் பார்த்து உட்கார வெச்சேன். "கண்ணைச் சிமிட்டுங்க அங்கிள்"னேன். மனுசன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு சிமிட்டினாரு. எஸ்.எம்.எஸ். வந்துச்சு. நின்ன ரெண்டு மாசமும் சேர்ந்து வந்துடும்னு சொன்னேன்.

அப்பத்தான் கேட்டேன், ஏன் குரூப்ல இருந்து போனீங்கன்னு. ஆன்ட்டி சொன்னாங்க: "ஏற்காட்டுல ரெண்டு நாள் கெட்-டுகெதர், தலைக்கு எட்டாயிரம்னு போட்டாங்க தம்பி. எல்லாரும் கட்டை விரலைத் தூக்கிட்டாங்க. இவரு என்னத்தப் பண்ணுவாரு?" அங்கிள் மலையைப் பார்த்துட்டு இருந்தாரு. அந்த வீட்டுல இருந்து ஏற்காடு மலை தெரியும்.

அப்பாகிட்ட வந்து சொன்னேன். எட்டாயிரம்னு மெசேஜ் போட்டதே அவருதானாம். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் போன் அடிச்சு, "டேய், கருப்பூர்ல காலேஜ் மரத்தடில பார்க்கலாம்டா, அவனவன் வீட்டுச் சாப்பாடு, வர்றியா"ன்னு கேட்டாரு. அந்தப் பக்கம் என்ன சொன்னாருன்னு எனக்குக் கேக்கலை. குரூப்ல இன்னும் சேரலை. ஆனா தினமும் காலைல அஞ்சரைக்கு அப்பாவுக்குத் தனியா ஒரு ரோஜாப்பூ வருது.

உங்க வீட்டுல பி.எஃப். பென்ஷன் வாங்குறவங்க இருந்தா, போன தடவை சான்று குடுத்த தேதியைக் கேட்டு வெச்சுக்கங்க, அதுல இருந்து ஒரு வருஷம்தான் செல்லும். ஆப்ல எங்கயாவது மாட்டினா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.