மொஹேர் நூல்: பெயருக்கு விலையா, நூலுக்கு விலையா?



தீபாவளிக்கு முன் சம்பளம் கைக்கு வந்ததும் கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறுவது நம் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பழகிப்போன வழக்கம். போனால் மஸ்ஜித் இந்தியாவை மிதிக்காமல் திரும்புவதில்லை. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1863ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசலால் பெயர் பெற்ற வட்டாரம் அது. சேலை, வேட்டி, பிள்ளைகளுக்குச் சட்டைத் துணி எல்லாம் வாங்கி முடித்த பிறகு, பின்னல் பழகிய பெண்களின் கால்கள் தாமாகவே நூல் கடைப் பக்கம் திரும்பும். அங்கே பஞ்சுமேகம் போலப் புசுபுசுவென்று ஒரு நூல் கண்ணைப் பறிக்கும். மொஹேர் என்பது அதன் பெயர். அதைப் பார்த்து வாங்குவது எப்படி, பின்னுவது எப்படி என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

வெயில் கொளுத்தும் நாட்டில் கம்பளி எதற்கு என்று கேட்கலாம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் உள்ள நம் உறவினரைக் கேட்டால் தெரியும். கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டர் உயரத்தில் இரவுக் குளிர் 16, 17 டிகிரிக்கு இறங்கிவிடும். வயதானவர்களுக்குத் தோளில் ஒரு போர்வை கட்டாயம் வேண்டும்.

அப்படி ஒரு பாட்டிக்காக, சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு பெண்கள் காசு சேர்த்து நூல் வாங்கினோம். சுற்றியிருந்த சீட்டில் ‘மொஹேர்’ என்று பெரிய எழுத்து. விலையும் அதற்கேற்ற விலை. ஒரு மாதம் மாறி மாறிப் பின்னிக் கொடுத்தோம். நான்கு முறை துவைத்ததும் போர்வை முழுக்கச் சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டுவிட்டது. "கனமாகத்தான் இருக்கிறது, கண்ணுகளா. ஆனால் குளிர் தாங்கவில்லையே" என்றார் பாட்டி. வீட்டில் கிடந்த சீட்டை அப்போதுதான் திருப்பிப் பார்த்தோம். பின்பக்கம் பொடி எழுத்தில் அக்ரிலிக் 90 விழுக்காடு, மொஹேர் 10 விழுக்காடு என்று இருந்தது. சீட்டு பொய் சொல்லவில்லை. படிக்காமல் வாங்கியது எங்கள் தவறு.

அக்ரிலிக் என்பது தொழிற்சாலையில் செய்யும் செயற்கை நூல். அது கெட்ட நூல் அல்ல. விலை குறைவு, துவைப்பது எளிது. ஆனால் அக்ரிலிக்குக்கு அக்ரிலிக் விலைதான் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் மொஹேர் என்பது எது? அது அங்கோரா ஆட்டின் ரோமம். அங்கோரா முயல் என்று ஒன்று உண்டு. அதன் ரோமம் வேறு. துருக்கி நாட்டு அங்காரா நகரின் பழைய பெயரே அங்கோரா. இந்த ஆட்டை வெளிநாட்டுக்கு விட துருக்கியருக்கு மனமில்லை. 1838இல் 12 கடாக்களும் ஒரு பெட்டையும் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறின. கடாக்கள் எல்லாம் இனம் பெருக்க முடியாதபடி செய்யப்பட்டிருந்தன. ஆனால் பெட்டை சினையாக இருந்தது; வழியிலேயே ஒரு கடாக்குட்டியை ஈன்றது! இன்று உலக மொஹேரில் ஏறக்குறையப் பாதி தென்னாப்பிரிக்காவில் இருந்தே வருகிறது.

செம்மறி ரோமத்தைவிட மொஹேர் வழவழப்பானது. அதனால்தான் அதில் அந்தப் பளபளப்பு. ஆண்டுக்கு இருமுறை கத்தரிக்கிறார்கள். குட்டியின் ரோமம் மென்மையானது, விலையும் அதிகம். ஆடு வயதாக ஆக ரோமம் தடித்துச் சொரசொரப்பாகும். ஆகவே கழுத்தில் படும் துணிக்குக் குட்டி மொஹேரே ஏற்றது.

கடையில் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, சீட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்; பள்ளிக்குப் போகும் பிள்ளை உடன் இருந்தால் படிக்கச் சொல்லுங்கள். மொஹேரோடு பட்டோ நைலானோ கொஞ்சம் கலந்திருந்தால் குற்றமில்லை. மெல்லிய நூலுக்கு அது பலம் தரும். இரண்டாவது, எல்லா உருண்டைகளிலும் சாயத் தொகுதி எண் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறினால் நிறம் மாறி, நடுவில் கோடு விழும். மூன்றாவது, நூலைக் கழுத்தில் வைத்துப் பாருங்கள். அரித்தால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்தும் ஐயம் தீரவில்லையா? விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்துங்கள். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது விலங்கின் ரோமம். உருகிக் கெட்டி மணியாக இறுகினால் செயற்கை நூல். இரண்டும் தெரிந்தால் கலப்பு நூல்.

இனி பின்னல். மெல்லிய மொஹேருக்கும் 5 அல்லது 5.5 மில்லிமீட்டர் தடித்த ஊசி எடுங்கள். கண்ணிகள் தளர்வாக இருந்தால்தான் இடையில் புசுபுசுப்பு நிறைந்து சூட்டைப் பிடித்து வைக்கும். பழைய ஆங்கிலேய ஊசிகள் வைத்திருப்போர் ஒன்றை நினைவில் வையுங்கள்: அவற்றில் எண் கூடக்கூட ஊசி மெலியும். 6ஆம் எண் ஊசிதான் 5 மில்லிமீட்டர்.

முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பாருங்கள். 10 சென்டிமீட்டரில் 16 கண்ணி வந்தால், 50 சென்டிமீட்டர் அகலப் போர்வைக்கு 80 கண்ணி ஏற்ற வேண்டும். 25 கிராமில் 200 மீட்டர் ஓடும் நூலானால், 180 சென்டிமீட்டர் நீளத்துக்கு மூன்று உருண்டை போதும். சிக்கலான பூவேலை வேண்டாம். புசுபுசுப்பு அதை மறைத்துவிடும். இந்த நூலைப் பிரிப்பது கடினம். ஆகவே வரிசைக்கு வரிசை கண்ணிகளை எண்ணுங்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால், பையில் போட்டு ஒரு மணி நேரம் ஐஸ்பெட்டியின் உறைதட்டில் வைத்துவிட்டு, மெல்லப் பிரியுங்கள்.

கைக்குழந்தைக்கு மட்டும் மொஹேர் வேண்டாம். உதிரும் ரோமம் வாய்க்கும் மூக்குக்கும் போகும். பருத்தியே போதும்.

துவைக்கும்போது பச்சைத் தண்ணீரில் மென்மையான சோப்பிட்டு அலசி, முறுக்காமல் ஒற்றி, நிழலில் பரப்பி உலர்த்துங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மடித்து வையுங்கள். பூச்சிக்குப் பயந்து குழந்தைத் துணி இருக்கும் பெட்டியில் அந்துருண்டை போட்டுவிடாதீர்கள். ஜி-6-பி-டி என்ற குறைபாடு உள்ள குழந்தைக்கு அதன் நெடியே இரத்த அணுக்களைச் சிதைத்து, கடும் மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். நம் மருத்துவமனைகளில் பிறந்தவுடன் செய்யும் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று.

பிறகு நாங்கள் குட்டி மொஹேரில் மூன்றே உருண்டை வாங்கி, அதே பாட்டிக்கு வேறொரு போர்வை பின்னினோம். 75 கிராம்தான். "தோளில் இருப்பதே தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை" என்றார்.

சீட்டைத் திருப்பிப் படிக்க அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் ஒரு மாத உழைப்பைக் காப்பாற்றும்.