எழுதாத விதிகளும் எம்-1 அரியரும்

(வல்லம் வடகாலில் இளம் தொழிலாளர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் கால்குலஸ் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்காதவர்களுக்கு எம்-1 அரியர் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கணித ஆசிரியர். முதலாமாண்டு பி.இ. மாணவர்களுக்கு அந்த எம்-1 பாடத்தைத்தான் நடத்துகிறேன்.

படிக்காத தோழர்களுக்காக இரண்டு வரி. இதே வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு ஆலை இருக்கிறது. பைக்கில் ஓடோமீட்டர் இதுவரை ஓடிய தூரத்தைக் காட்டும். ஸ்பீடோமீட்டர் இந்த நொடியில் அந்தத் தூரம் எந்த வேகத்தில் கூடுகிறது என்று காட்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கண்டுபிடிப்பது வகையிடல். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கண்டுபிடிப்பது தொகையிடல். நுண்கணிதத்தின் அடிப்படை இவ்வளவுதான். இதற்குப் பரம்பரை மூளை எதுவும் தேவையில்லை.

ஆனாலும் கல்லூரியை முடித்தும் பட்டம் கைக்கு வராமல், பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியிலேயே லைனில் நிற்கிறவர்கள் உண்டு. கேட்டால் "எம்-1 மட்டும் நிக்குது சார்" என்பார்கள். அந்த ஒரு தாளுக்கும் சாதிக்கும் என்ன உறவு என்பதுதான் இன்றைய பேச்சு.

செமஸ்டர் தொடங்கும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் விதிகள் சொல்லப்படும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவச் சான்று போன்ற காரணம் இருந்தால் 65 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது. எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு 50. வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, 13 மதிப்பெண் கேள்வி ஐந்து, 15 மதிப்பெண் கேள்வி ஒன்று. படித்துப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே விதி. இதில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள்.

எழுதிய விதியில் அது இல்லை. எழுதாத விதியில் இருக்கிறது. மார்க் குறைந்தால் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம், அதைப் பார்த்து மறுமதிப்பீடு கேட்கலாம், அதற்குக் கடைசித் தேதி உண்டு. எந்த யூனிட்டிலிருந்து 15 மார்க் கேள்வி வரும் என்று பழைய வினாத்தாளைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். புரியவில்லையென்றால் ஆசிரியர் அறைக்குப் போய்க் கேட்கலாம், அது அவமானமில்லை. வீட்டில் அப்பாவோ அத்தையோ இன்ஜினியராக இருப்பவருக்கு இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே கிடைத்துவிடும். வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிறவருக்கு அரியர் விழுந்த பிறகுதான் தெரியவரும்.

இதைத் துல்லியமாகக் காட்டிய ஓர் ஆய்வு உண்டு. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்றார்கள். யூரி ட்ரைஸ்மன் என்ற இளம் கணித ஆசிரியர் காரணம் தேடினார். அக்கறை இல்லை, அடிப்படை போதாது, குடும்பம் ஊக்குவிப்பதில்லை, வறுமை என்று பேராசிரியர்கள் சொன்னார்கள். நம் ஊரிலும் இதே நான்கைத்தானே சொல்கிறார்கள்? ட்ரைஸ்மன் 20 கறுப்பின மாணவர்களையும் 20 சீன வம்சாவளி மாணவர்களையும் கூடவே இருந்து கவனித்தார். அந்த நான்கு காரணமும் நிற்கவில்லை.

அவர் கண்டது வேறு. ஒரு மணிநேர வகுப்புக்கு இரண்டு மணிநேரம் படிக்க வேண்டும் என்பது பாடத்தின் எதிர்பார்ப்பு. வாரம் நான்கு மணி வகுப்பு. கறுப்பின மாணவர்கள் சொன்னபடியே வாரம் எட்டு மணிநேரம் படித்தார்கள். ஆனால் 20 பேரில் 18 பேர் தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்கள் ஏறக்குறைய 14 மணிநேரம் செலவிட்டார்கள். அதில் ஒரு பகுதி கூட்டாகப் படித்தது. ஒருவர் கணக்கை மற்றவர் திருத்தினார், பழைய தேர்வுத்தாள்களைச் சேர்ந்து போட்டார்கள். சொன்ன விதியை அப்படியே நம்பியவர்கள் தோற்றார்கள். சொல்லாத விதி தெரிந்தவர்கள் தேறினார்கள்.

ட்ரைஸ்மன் அவர்களுக்கு எளிய கணக்கு கொடுக்கவில்லை. 'பின்தங்கியோர் வகுப்பு' என்று பெயர் வைத்து ஒதுக்கவும் இல்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாக உட்கார வைத்தார். முடிவுகள் மாறின. பாடத்தின் தரத்தில் ஓர் அங்குலமும் குறையவில்லை.

நம் நாட்டில் இதை இன்னும் இறுக்குவது சாதி. யார் யாரோடு உட்கார்ந்து படிப்பது என்பதை விடுதி அறையும் சாப்பாட்டு மேசையும் முன்பே முடிவு செய்துவிடுகின்றன. எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போட அம்பேத்கரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னால் இருந்த சாப்பாட்டு டப்பாக்கள் தீட்டாகிவிடும் என்று சாதி இந்து மாணவர்கள் ஓடிப்போய் எடுத்தார்கள். இன்று டப்பாவை யாரும் எடுப்பதில்லை. நோட்டைக் கொடுப்பதில்லை, வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது அகமதிப்பீடு. முந்தைய 2017 ஒழுங்குமுறையில் அது 20, 2021 ஒழுங்குமுறையில் 40. செமஸ்டர் விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு அது யாருடையது என்று தெரியாது. அகமதிப்பீடு போடுகிறவருக்கு முகம் தெரியும்; உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் வாசிக்கும்போது சாதியும் தெரியும். 2007-இல் டெல்லி எய்ம்ஸ் பற்றி அறிக்கை கொடுத்த தோரட் குழு, முகம் பார்த்து மதிப்பெண் போடுகிற இடங்களில் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு நேரும் பாகுபாட்டைப் பதிவு செய்தது. தொடர்ந்து மதிப்பிடுவது நல்ல முறைதான். ஆனால் ஒப்படைப்புக்கு எத்தனை, தேர்வுக்கு எத்தனை, எதற்காகக் குறைந்தது என்று எழுதிக் காட்டாத 40 மதிப்பெண் ஆசிரியரின் கையில் இருக்கும் சாட்டை.

"தகுதி இல்லாதவர்களைச் சேர்த்தால் இப்படித்தான்" என்பார்கள். பழைய வாதம். வகுப்புவாரி அரசாணைக்கு எதிராக செண்பகம் துரைராஜனோடு வழக்குத் தொடுத்த சி.ஆர். சீனிவாசன், கிண்டி பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். கணிதப் பிரிவுப் பாடங்களில் 450-க்கு 369 வாங்கியிருந்தார். அந்த எண்தான் தகுதி என்று வாதம் நின்றது. 1951-இல் அரசாணை விழுந்தது. போராட்டத்துக்குப் பிறகு அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. மதிப்பெண் ஓடோமீட்டர் போன்றது. எந்த ஊரிலிருந்து கிளம்பினார், எந்தச் சாலையில் வந்தார் என்பதை அது காட்டாது.

நம் இயக்கங்கள் வாசலைத் திறந்தன. 2007-இல் நுழைவுத் தேர்வு போனது. 2010-இல் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு வந்தது. வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை இனிதான் கவனிக்க வேண்டும்.

பள்ளியையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். எல்லை மதிப்பு, வகையிடல், தொகையிடல் மூன்றும் தொடங்குவது 11-ஆம் வகுப்புப் புத்தகத்தில். பல தனியார் பள்ளிகள் 11-ஐத் தாண்டி 12-ஐயே இரண்டு வருடம் நடத்தின என்பதால்தான் 2017-18-இல் 11-க்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. பிள்ளைகள் மீதான அழுத்தம் குறைவது நல்லது. ஆனால் 11-ஆம் வகுப்புப் பாடம் முழுதாக நடக்கிறதா என்று பார்க்காவிட்டால், அந்த ஓட்டையின் விலையை எம்-1 வசூலிக்கும்.

ஆகவே நான்கு கோரிக்கைகள். ஒன்று, எழுதாத விதி எல்லாவற்றையும் முதல் வகுப்பிலேயே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு, அகமதிப்பீட்டின் கணக்கை மாணவருக்குக் காட்ட வேண்டும். முறையிட வழி வேண்டும். மூன்று, கூட்டுப் படிப்பை நேர அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும். சாதி, மொழி, பால் கலந்த குழுவாக, கடினமான கணக்கோடு. நான்கு, அரியர் எழுதும் தொழிலாளிக்குத் தேர்வு நாளில் ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். அட்டெண்டன்ஸ் போனஸைப் பிடிக்கக்கூடாது.

மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிய அடி வாங்கிய பாப் மோசஸ், 1982-இல் 'அல்ஜீப்ரா புராஜெக்ட்' தொடங்கினார். வாக்குரிமைபோலவே கணிதமும் குடியுரிமை சார்ந்தது என்றார். அவருக்கு அது அரசியலிலிருந்து ஓய்வு அல்ல, அதன் அடுத்த கட்டம்.

கல்லூரி விதி மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இதே வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. ஒரே ஊரில் இத்தனை இளம்பெண்கள். அவர்களில் படிப்பை விட்டவர்களும், தொடர நினைப்பவர்களும், அரியர் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அங்கே படிக்க ஓர் அறையும் ஒரு பலகையும் கேட்போம். கிடைக்கும்வரை இந்த இடம் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பழைய எம்-1 வினாத்தாள்களோடு வாருங்கள். யாரும் தனியாகப் போட வேண்டாம். முதல் கணக்கைப் பலகையில் போடப்போவது நான் இல்லை, உங்களில் ஒருவர். மற்றவர்கள் திருத்துவோம்.