பென்சிலும் காவிரிப் பாலமும்
(திருச்சிராப்பள்ளியில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



முதலில் ஒரு சிறு செயல்பாடு. இருவர் இருவராகச் சேருங்கள். தாளின் கீழ்ப்பகுதியில் மலைக்கோட்டை, நடுவில் குறுக்கே காவிரி, அதன் மேல் ஒரு பாலம், மேல்பகுதியில் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரையுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மலைக்கோட்டையில் பென்சிலை வைக்கட்டும். மற்றவர் "இடது, வலது" என்று சொல்லி ராஜகோபுரம் வரை அழைத்துச் செல்லட்டும்.

சேர்ந்துவிட்டீர்களா? மறுபடியும் செய்யுங்கள். இம்முறை ஒவ்வொரு திருத்தத்தையும் ஐந்து வரை எண்ணிவிட்டுச் சொல்ல வேண்டும். பல பென்சில்கள் காவிரிக்குள் இறங்கிவிட்டன!

மூளை–கணினி இடைமுகத்தை வடிவமைப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். தண்டுவடம் பாதிக்கப்பட்டுக் கைகால் அசையாத ஒருவரின் மூளையில் நுண் மின்முனைகளைப் பொருத்துகிறார்கள். கையை அசைக்க நினைக்கும்போது நரம்புச் செல்களில் எழும் மின்துடிப்புகளைக் கணினி எண்ணுகிறது. அவர் எந்தப் பக்கம் நகர்த்த நினைக்கிறார் என்று ஊகித்துத் திரையில் சுட்டியை நகர்த்துகிறது.

எவ்வளவு நேரத் துடிப்புகளைச் சேர்த்து ஒரு முறை ஊகிப்பது? முன்பே பதிவு செய்த துடிப்புகளை வைத்துச் சோதித்தபோது, 100 முதல் 300 மில்லிநொடி வரை சேர்ப்பதே நல்லது என்று தெரிந்தது. தகவல் கூடினால் பிழை குறையும் அல்லவா?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா ஷெனாய் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. ஒவ்வொரு யோசனைக்கும் ஒருவரின் மண்டையோட்டைத் திறக்க முடியாது. எனவே உடல்நலமுள்ள ஒருவரைக் கையை அசைக்கச் சொன்னார்கள். அந்த அசைவுக்கு ஏற்பக் கணினி செயற்கையாக நரம்புத் துடிப்புகளை உருவாக்கியது. அவற்றைக் கொண்டு ஊகித்துச் சுட்டி நகர்ந்தது. அவர் திரையைப் பார்த்து, சுட்டி விலகினால் உடனே கையைத் திருத்தினார். இந்த உருவகப்படுத்தலில் 25 முதல் 50 மில்லிநொடியே சிறந்ததாக அமைந்தது. பிறகு குரங்குகளிடம் சோதித்தபோதும் அது உறுதியானது.

காரணம், நம் பென்சில்தான். ஒவ்வொரு ஊகத்திலும் சிறு பிழை இருக்கலாம். ஆனால் அது உடனே கண்ணுக்குத் தெரிந்தால் மனிதர் திருத்திக்கொள்வார். பழைய பதிவுக்குத் திருத்தத் தெரியாது.

இதைப் படித்தபோது ஸ்ரீரங்கத்தில் என் வகுப்பில் படித்த ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். மூளை முடக்குவாதத்தால் அவள் பேச்சு தெளிவாக இராது. கணக்குக் கேட்பேன், அவள் சொல்வாள், தவறு என்று குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவேன். ஒருநாள் பக்கத்தில் இருந்த சிறுமி எழுந்து, "சார், அவ ஏழுன்னுதான் சொன்னா. உங்களுக்குத்தான் வேற மாதிரி கேட்டுச்சு" என்றாள்.

எத்தனை நாள் சரியான விடைகளைத் தவறென்று குறித்தேனோ! நான் என்ன புரிந்துகொண்டேன் என்பதை அவளிடம் காட்டவே இல்லை. பிறகு எனக்குக் கேட்டதை உடனே திருப்பிச் சொன்னேன்: "ஆறா?" தலையை ஆட்டி மறுப்பாள். "ஏழா?" முகம் மலரும். அந்தப் பருவம் முடிவதற்குள் பின்னக் கணக்குகளில் அவளே முன்னால் இருந்தாள்.

மூளையில் பொருத்தும் கருவி நம் பள்ளிக்கு எப்போது வருமோ தெரியாது. ஆனால் "நீ சொன்னது இதுதானா?" என்று கேட்க எந்தக் கருவியும் வேண்டாம். நாளை வகுப்பில் இந்தப் பென்சில் விளையாட்டை நடத்துங்கள். பேசத் திணறும் பிள்ளையிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.