திருத்தப்படாத நோட்டு

(நாக்பூர் கிளையின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

எழுத ஆசைப்படும் மூத்த உறுப்பினர்களுக்காகப் பத்து நிமிஷம் பேசும்படி செயலாளர் பணித்தார். நான் எழுத்தாளன் அல்ல. ரயில்வே கணக்குப் பிரிவில் 36 வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவன். கூட்டல் சரியாக வராத தாளை மேஜையை விட்டு நகர விடாத ஜன்மம்! அந்தப் பழக்கம் எழுத்தில் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றதும் எங்கள் குடும்ப சரித்திரத்தை எழுத ஆரம்பித்தேன். தாத்தா தஞ்சாவூர் ஜில்லாவை விட்டு நாக்பூர் வந்த அத்தியாயத்தை மட்டும் பதினோரு முறை திருத்தி எழுதினேன். கும்பகோணத்தில் இருந்த அத்தைக்கு அப்போது 91 வயது. ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும், "அம்பி, அந்த நோட்டை எடுத்துண்டு வாயேன், படிச்சுக் காட்டு" என்பாள். "இன்னும் சரியா வரலை அத்தை, முடிச்சுட்டுக் கொண்டு வரேன்" என்பேன். நோட்டு முடிவதற்குள் அத்தை போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்த மறுநாள் ஜாம்ஷெட்பூர் மன்னி சாதாரணமாக ஒன்று சொன்னார். தாத்தா உத்தியோகம் தேடி வரவில்லையாம். ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனில் நிலம் போய், ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினாராம். "அத்தைக்கு எல்லாம் தெரியுமே, நீங்க கேக்கலையா?" என்றார். பதினோரு முறை நான் மெருகேற்றியது ஒரு பொய்யை!

ஆர்.கே. நாராயண் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லண்டன் பதிப்பகங்கள் திருப்பிய முதல் நாவலைப் பற்றி, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பருக்கு, கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி எழுதினார். நண்பர் அதை கிரஹாம் கிரீனிடம் காட்டினார். 1935-ல் புத்தகம் வந்தது. ஆங்கிலத்தில் அங்கங்கே திருத்தம், 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற புதுத் தலைப்பு, ஆசிரியரின் பெயர்ச் சுருக்கம் எல்லாம் இன்னொருவர் கைக்குப் போன பிறகு நடந்தவை. நமக்கு கிரீன் கிடைக்க மாட்டார். மன்னி கிடைப்பார், அது போதும்.

இப்போது ஓர் அத்தியாயம் முடிந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து புனே, டில்லி, ஜாம்ஷெட்பூர் என்று அனுப்பிவிடுகிறேன். தலைப்பில் 'திருத்தப்படாதது' என்று பெரிதாக எழுதி, ஓரத்தில் நாலு விரல்கடை இடம் விடுகிறேன். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பதில்லை, உறவுக்காரர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "எங்கே தப்பு? எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினீர்கள்?" இரண்டே கேள்வி. தபாலில் போட்ட அன்று ராத்திரி இன்னமும் எனக்குத் தூக்கம் வருவதில்லை, அது வேறு விஷயம்.

வாசல் மேஜையில் மூன்றாம் அத்தியாயத்தின் பத்துப் பிரதிகள் வைத்திருக்கிறேன். பழைய கும்பகோணத்துக்காரர்கள் யாராவது இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். நாலாம் பக்கத்தில் வரும் தெருவின் பெயர் எனக்கே சந்தேகமாக இருக்கிறது.