கொழுந்து இங்கே, இலாபம் எங்கே?

(தோட்டக் கமிட்டி, மாதர் கமிட்டித் தலைவர்களுக்கான தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று நிறுவையில் இரண்டு கிலோ கூடுதலாகக் கழித்தால் நாம் விடமாட்டோம். தராசடியிலேயே கேட்போம். கம்பனியின் கணக்கையும் அப்படிக் கேட்கப் பழக வேண்டும். "நட்டம், சம்பளம் கூட்ட முடியாது" என்ற பதில் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

ஒரு நாட்டுக் கம்பனி இன்னொரு நாட்டில் வருமானம் பெற்றால் இரண்டு அரசாங்கங்களும் வரி கேட்கும். ஒரே வருமானத்துக்கு இரண்டு தடவை வரி விழாமலிருக்க இரு நாடுகளும் செய்துகொள்வதுதான் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். நோக்கம் நியாயமானது. ஆனால் வெளியே போகும் பங்கிலாபத்துக்கும் வட்டிக்கும் உழைப்பு நடந்த நாடு எவ்வளவு வரி பிடிக்கலாம் என்பதற்கு இந்த ஒப்பந்தங்கள் வரம்பு போடுகின்றன. வரி குறைந்த மூன்றாவது நாடொன்றில் பெயர்ப்பலகைக்கு ஒரு கம்பனியைப் பதிந்து, அதன் வழியாகப் பணத்தை எடுத்தால் எங்குமே சரியான வரி விழாது.

நம்மைப்போல் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலாவியைப் பாருங்கள். பிரித்தானியாவோடு அதற்கிருந்த வரி ஒப்பந்தம் 1955இல் செய்தது. அப்போது மலாவி, நியாசாலாந்து என்ற பெயரில் பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தது. மேசையின் இரண்டு பக்கமும் வெள்ளைக்காரரே இருந்தார்கள். 1964இல் சுதந்திரம் வந்தது. ஒப்பந்தமோ சில திருத்தங்களோடு நீடித்தது. புதியது கையெழுத்தானது 2023இல்தான்.

தேயிலை நாடான கென்யா, 2012இல் மொரீஷியசோடு ஒப்பந்தம் செய்தது. வரி நீதிக்காகப் போராடும் அமைப்பொன்று அதை எதிர்த்து நீதிமன்றம் போனது. முறைப்படி பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கவில்லை என்று 2019இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. கேட்க ஆளிருந்ததால் நடந்த காரியம் அது.

இவை சட்டத்துக்கு உட்பட்ட வழிகள். சட்டவிரோதமான வழியும் உண்டு. உதாரணத்துக்கு, கிலோ 1000 ரூபா பெறுமதியான தேயிலையை ஒரு கம்பனி வெளிநாட்டிலுள்ள தன் சொந்தக் கம்பனிக்கு 700 ரூபா என்று பொய்ப் பட்டியல் போட்டு அனுப்புகிறது என்று வைப்போம். அங்கே அது 1000 ரூபாவுக்கு விலைபோகும். 300 ரூபா இலாபம் கடல் கடந்துவிட்டது. இங்கே கணக்கில் நட்டம். கொழும்பு ஏலத்தில் விற்றால் விலை எல்லோருக்கும் தெரியும். நேரடி விற்பனையில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆபிரிக்காவிலிருந்து இப்படிச் சட்டவிரோதமாக வெளியேறும் பணம் வருடத்துக்கு 50 பில்லியன் டொலருக்கும் மேல் என்று, தென்னாபிரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி தாபோ எம்பெக்கி தலைமையிலான குழு 2015இல் அறிக்கையிட்டது.

வராமல் போன வரியை யார் கட்டுகிறார்கள்? 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. லயத்துப் பிள்ளை குளிக்கும் சவர்க்காரத்துக்கும் அந்த வரி உண்டு. நம்மால் அதை எந்தத் தீவுக்கும் கொண்டுபோய் ஒளிக்க முடியாது. அரசாங்கத்துக்கு வருமானம் குறைந்தால் முதலில் வெட்டு விழுவது தோட்டப் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான்.

ஐக்கிய நாடுகள் சபையில் உலக வரி உடன்படிக்கை ஒன்றுக்கான வேலை தொடங்கியிருக்கிறது. ஆபிரிக்க நாடுகள் கொண்டுவந்த தீர்மானத்துக்கு 2023 நவம்பரில் 125 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. 48 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்தவற்றில் பெரும்பாலானவை பணக்கார நாடுகள். இது நமக்குத் தொடர்பில்லாத விசயமல்ல.

ஆகவே அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு நான்கு கேள்விகளோடு போவோம். முகாமைக் கட்டணம் என்று எவ்வளவு, யாருக்குக் கொடுத்தீர்கள்? கடன் வட்டி யாருக்குப் போகிறது? ஏலத்துக்கு வெளியே விற்ற தேயிலையை வாங்கியது யார், என்ன விலைக்கு? வாங்கியவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?

கம்பனியின் வருடாந்த அறிக்கையைச் சங்கக் காரியாலயத்தில் கேட்டு வாங்குங்கள். வாசிக்கச் சிரமமென்றால் ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வாசிப்போம். கிடைக்கும் பதிலை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அதையும் எழுதுங்கள்.