விரல் நுனிகளை வெட்டிய எந்திரம்

ஹெவி மெட்டல் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். பரவாயில்லை. நானும் அதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கியவன்தான்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆஸ்டன் என்றொரு தொழிலாளர் பகுதி. அங்கே 1965இல், 17 வயது டோனி ஐயோமி ஒரு தகட்டு ஆலையில் வெல்டர். வேலையை விட்டுவிட்டு கிட்டார் வாசிக்கப் போகிறார்; அன்று கடைசி நாள். மதியம் வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பிவைத்தார். ஆலையில் பிரஸ் ஓட்டும் ஆள் வரவில்லை. அந்த எந்திரத்தில் பழக்கமே இல்லாத இவரை நிறுத்தினார்கள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனிகள் போயின. இடது கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான்.

பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். மேலே தோலை ஒட்டினார். கனத்த தந்தி வலித்ததால் பாஞ்சோவின் மெல்லிய தந்தியைக் கட்டினார். பிறகு சுருதியையே இறக்கினார். தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் அந்தக் கனம் கேட்கும்.

அவருடன் சேர்ந்த மூவரும் அதே ஆஸ்டன்காரர்கள்தான். பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர், திருட்டு வழக்கில் சிறைக்குப் போனவர். பிளாக் சபத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் அதைக் கிழித்தெறிந்தது. இளைஞர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த விபத்து நடந்ததே நல்லது, இல்லையென்றால் மெட்டல் பிறந்திருக்குமா என்று சில ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கு இதைக் கேட்டால் கோபம்தான் வரும். பழகாத பையனை எந்திரத்தின் முன் நிறுத்தியது விதியா? அதுபோன்ற எந்திரங்களில் விரல் இழந்து, எந்த மேடைக்கும் வராமலே போனவர்கள் எத்தனை பேர்? அந்த இசையை உண்டாக்கியது விபத்து அல்ல, அதற்குப் பிறகும் விடாமல் வேலை செய்த கை.

2025 ஜூலை 5 அன்று, அதே ஆஸ்டனின் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் கடைசியாக ஒன்றாக வாசித்தார்கள். எழுந்து நிற்க முடியாத ஆஸி உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழாம் நாள் இறந்துபோனார். அன்று அவர்களுக்கு முன்னால் மெட்டாலிகா வாசித்தது. சபத் இல்லாமல் தாங்கள் இல்லை என்பதை அவர்கள் மறைத்ததே இல்லை.

இப்போது 'வார் பிக்ஸ்' போடுகிறேன். போரை ஏவிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்களைப் பற்றிய பாட்டு. சத்தத்தைக் குறைக்க மாட்டேன், மன்னியுங்கள்.